ஐந்து மணி நெருப்பு

கண்டிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் நாள் ஒரே மாதிரிதான் போகும். காலையில் யானை குளிப்பதைப் பார்ப்பார்கள். பிறகு வாசனைத் தோட்டத்தில் ஏலக்காயை மோந்து பார்த்து, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார்கள். அடுத்தது தேயிலைத் தொழிற்சாலை, அதற்கடுத்தது இரத்தினக்கல் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாவிக்கரையில் இருக்கிற எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரு மணி நேரம் கண்டி நடனம். முடிந்ததும் வழிகாட்டி கையைத் தட்டிக் கூப்பிட்டு, புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைப் பூசைக்கு நடத்திக்கொண்டு போவார்.

அந்த மண்டபத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் நான். போர் முடிந்து பயணிகள் மறுபடி வரத் தொடங்கிய காலத்தில் சேர்ந்தேன். நிகழ்ச்சி விவரம் அச்சடித்த தாள்கள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, சீனம் என்று மேசையில் அடுக்கியிருக்கும். ஆளின் செருப்பைப் பார்த்தே எந்தத் தாளை எடுத்து நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், "தமிழ்ல இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "நானே இருக்கேனே, கேளுங்க" என்பேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கழிவறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள்.

மேடையில் சங்கு ஊதுவார்கள், மேளம் அடிப்பார்கள், முகமூடி போட்டு ஆடுவார்கள், குச்சி முனையில் தட்டுச் சுற்றுவார்கள். எல்லாம் நல்ல ஆட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் வருகிற நெருப்பு மிதிப்புத்தான் எனக்கு ஆகாது. முற்றத்துச் சிமெந்துத் தரையில் தகரத்தை விரித்து, சிரட்டைக் கரியைக் கொட்டிக் கனலாக்கியிருப்பார்கள். ஒரு கட்டில் நீளம் வரும். ஒரு ஆள் பந்தத்தை எடுத்துக் கையிலும் மார்பிலும் தடவி, வாய்க்குள் வைத்து அணைத்துக் காட்டிவிட்டு, அந்தக் கனலில் இரண்டு தரம் போய்வருவார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் நான் நெருப்பு மிதிக்கிறவன். மெய்யாகவே மிதிக்கிறவன்.

நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டம் கண்டிக்குத் தெற்கே, கலஹாவுக்கு மேலே மலையில் இருக்கிறது. அங்கே அம்மன் கோயிலில் வருடா வருடம் தீமிதிப்பு. பூசாரி கரகத்தோடு பூக்குழியில் இறங்கிப் போனதும், அவருக்கு அடுத்தபடி முதல் மிதி எங்கள் குடும்பத்துக்கு. அப்பாவுக்கு அது இருந்தது, அப்பாவுக்குப் பிறகு மூத்தவன் என்று எனக்கு வந்தது. சும்மா வந்துவிடாது. காப்புக் கட்டிவிட்டால் பத்து நாள் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சோறு, கோயில் மண்டபத்துத் தரை, பெண்டாட்டி முகத்தைக்கூடத் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். இந்தப் பத்து நாள் லீவுக்காக மண்டபத்து முதலாளியிடம் நான் பட்ட பேச்சைத் தனியாக எழுதலாம். குழியைத் தாண்டி வந்ததும் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவுவார்கள். அப்போது கால் கொப்பளித்திருந்தால் போச்சு. விரதத்தில் ஓட்டை என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வருடம் முதல் மிதி கிடையாது.

கண்டியில் என்னை யாருக்கும் தெரியாது. டிக்கெட்டை நீட்டுகிறவர்கள் என் கையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஒரு நாள், மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக நான் குழி முனையில் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை முதற்கொண்டு கைகூப்பி நிற்பார். அவர் என்னைக் கும்பிடவில்லை, அம்மனைத்தான் கும்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் நடுவில் நிற்கிறவன் நான்தானே.

ஒரு வருடம் மண்டபத்தில் நெருப்பு மிதிக்கிற ஆள் தெற்கே ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டார். முதலாளி, எங்களுக்கு மாத்தயா, என்னைக் கூப்பிட்டனுப்பினார். உங்கள் தோட்டங்களில் நெருப்பு மிதிப்பார்கள்தானே என்று சிங்களத்தில் கேட்டார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். ஆமாம் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை என் வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு, இளவட்டமாக யாராவது இருந்தால் கூட்டிவா என்றார்.

நான் என் தம்பியைக் கூட்டிப்போனேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது அதுதான்.

தம்பி அப்போது ஒரு ஹார்ட்வெயார் கடையில் கம்பி தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் இருக்கமாட்டான். பள்ளிக்கூடத்திலும் இருந்ததில்லை. காப்புக் கட்டினால் மூன்றாம் நாளே ஓடிவிடுவான் என்பதால், ஒரே ஒரு வருடம்தான் பூக்குழியில் இறங்கியிருக்கிறான், அதுவும் என் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு. அவனை நம்பி முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று எனக்குக் கவலை. கவலை என்று சொல்கிறேன். முதல் நாளே சுட்டுக்கொண்டு ஓடிவிடுவான், முதலாளிக்கும் நெருப்பு என்றால் என்னவென்று விளங்கும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

அவன் ஓடவில்லை. சிவப்புத் துணி கட்டி, மார்பில் வெள்ளிக் கச்சை போட்டு வந்து நின்றான். எங்கள் வீட்டுப் பையன் இவ்வளவு உயரமா என்று இருந்தது. பந்தத்தைக் கையில் தடவும்போது அதை ஒரு பூனைக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கனலில் நடந்தான், நடுவில் ஒற்றைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றினான், மறுபக்கம் போய்க் கும்பிட்டான். சுற்றுவதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டம் கத்திய கத்தலில் வாவியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பியிருக்கும்.

ஒரு மாதத்துக்குள் வழிகாட்டிகள் என்னிடம், "சுத்துற ஆள் இன்னைக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்களை இறக்கினார்கள். பெண்கள் அவனோடு நின்று படம் எடுப்பார்கள். எங்கள் மண்டபத்துக்குப் புதிதாக அடித்த விளம்பரத் தட்டியில் மயில் நடனக்காரிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவனை நடுவில் போட்டார்கள். அந்தத் தட்டியை நான்தான் ஒவ்வொரு நாளும் வாசலில் தூக்கி வைக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் தூசி தட்டி உள்ளே எடுக்க வேண்டும். யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றித் தோட்டத்துக்கும் போய்ச்சேர்ந்தது. அம்மா அதை ஃபோனில் வைத்துக்கொண்டு லயம் லயமாக, வீடு வீடாகக் காட்டினாள். நான் இத்தனை வருடம் மிதித்ததற்கு அம்மாவிடம் ஒரு படம் கிடையாது. பூக்குழியில் ஃபோன் பிடிக்கக் கூடாது என்று அவளே சொல்வாள்.

அதுகூடப் போகட்டும். என்னால் தாங்க முடியாதது அவன் சாப்பாடு. நாலு மணிக்கு ஒரு தட்டு மாட்டுக் கொத்து ரொட்டி. என் பெண்டாட்டி வேறு, "பாவம், நெருப்புல இறங்குற பிள்ளை" என்று கருவாட்டைப் பொரித்துக் கட்டிக்கொடுப்பாள். நான் இறங்கும்போது இறங்குவது பிள்ளை இல்லையா? விரதமும் இல்லை, குளியலும் இல்லை, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் நெருப்பில் சுற்றுகிறான். நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எங்கள் வீட்டில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் உள்ளங்காலைப் பார்த்தேன். வெள்ளையாக, வழவழவென்று, கைக்குழந்தையின் காலைப்போல இருந்தது. என் காலைத் தூக்கிப் பார்த்தேன். பித்தவெடிப்பும், பழைய தழும்பும், ஓரத்தில் ஆணியும். பத்து நாள் பட்டினி கிடப்பவனுக்கு இந்தக் கால், கொத்து ரொட்டி தின்கிறவனுக்கு அந்தக் கால். அம்மன் நீதி இதுதானா என்று அந்த இடத்திலேயே கேட்டேன். மனசுக்குள்தான். பெண்டாட்டி, "என்ன அங்க தம்பி கால மோந்துகிட்டு இருக்கீங்க?" என்றாள்.

அடுத்த தீமிதிப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் இன்னொன்று நடந்தது. எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை யாரோ வாங்கி, பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு மாலையில் பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது, மூடுபனியைத் தவிர. பங்களா மேனேஜர் கோயில் தலைவரைப் பார்த்து, தீமிதிப்பு அன்று தன் விருந்தாளிகளைக் கூட்டிவருவதாகவும் பந்தலும் ஒலிபெருக்கியும் தன் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறார். கூடவே வீடியோவையும் காட்டியிருக்கிறார்.

தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. கண்டிக்கு வந்து, மண்டபத்து வாசலில் என் பக்கத்திலேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மகன். வர்றவங்க உக்காந்து பாக்கப் போறாங்க. சின்னவரு நடுவுல ஒரு சுத்துச் சுத்துறாராமே. இந்த ஒரு வருஷம் முதல் மிதிய அவருக்கு விட்டுக்குடுங்க. நீங்க அடுத்தாப்ல இறங்குங்க."

"இதை அம்மன் கேட்டாளா, மேனேஜர் கேட்டானா?" என்றேன்.

"எல்லாரும்தான் ஆசப்படுறாங்க" என்றார். என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. அன்றைக்கு நான் ஜெர்மன்காரர்களுக்குச் சீனத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் தம்பியோடு பேசவில்லை. கண்டியில் என்னிடம் இருந்தது டிக்கெட்டுக் கட்டு. தோட்டத்தில் இருந்தது முதல் மிதி. அதையும் கொண்டுபோகப் போகிறான். மூன்றாம் நாள், உடுப்பு மாற்றுகிற அறைக்குப் பின்னால் அவனே என்னிடம் வந்தான்.

"பெரியப்பா கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேண்ணே."

"ஏன்?"

"பயமா இருக்கு."

"நாள் தவறாம நெருப்புல சுத்துறவனுக்குப் பயமா?"

"இங்க சுட்டா மருந்து போட்டுக்கலாம். அங்க சுட்டா யாருக்கு என்னான்னு சொல்றது? பத்து நாள் காப்போட இருக்க என்னால ஆகாதுண்ணே. நீங்க இருப்பீங்க. நீங்களே மிதிங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சண்டை போட்டு வாங்கியிருந்தால் அது என்னுடையது. அவன் வேண்டாம் என்று தள்ளிவைத்ததை எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. அதோடு, பயம் என்று அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டானே, அந்தத் தைரியமும் எனக்குக் கிடையாது. எனக்கு ஒவ்வொரு வருடமும் பயம்தான். நான் யாரிடமும் சொன்னதில்லை.

காப்புக் கட்டிக்கொண்டேன். அந்த வருடம்போல ஒரு வருடமும் நான் விரதம் இருந்ததில்லை. தண்ணீரைக்கூட எண்ணிக் குடித்தேன் என்று சொல்லலாம். பங்களாக்காரர்கள் பார்க்கட்டும், அம்மா பார்க்கட்டும், அவன் பார்க்கட்டும், விரதம் இருந்த கால் எப்படி நடக்கும் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்பதுதான் பத்து நாளும் என் மந்திரம்.

தீமிதிப்பு அன்று காலை முதல் பஸ்ஸில் தம்பி வந்தான். அன்று ஒரு நாள் மண்டபத்தில் வேறு ஆளை விட்டிருந்தான். நேராக என்னிடம் வந்து எல்லோர் முன்னாலும் என் தோளில் கைவைத்து, "நல்லா மிதிங்கண்ணே" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பந்தலின் கீழே வெள்ளைக்காரர்கள் வரிசையாகக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கால் விரலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

மரக்கட்டை எரிந்து கனலாகி, குழி செவேலென்று கிடந்தது. தப்பு மேளம் வேகம் பிடித்தது. பூசாரி கரகத்தோடு இறங்கிப் போய்விட்டார். அடுத்தது நான். அம்மா என்று கூப்பிட்டுக் காலை வைத்தேன். வைத்ததும் சூடு தெரியவில்லை. அது நல்ல அடையாளம்.

பாதிக் குழியில் வலது பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பூக்குழிப் பக்கம் யாரும் சிரிப்பதில்லை. கண் அந்தப் பக்கம் போய்விட்டது. கதிரைகள் காலியாக இருந்தன. பிறகுதான் தெரிந்தது, இரண்டு நாளுக்கு முன்னால் அந்த விருந்தாளிகள் கண்டியில் எங்கள் மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள். ஓரமாகச் சட்டையும் சாரமுமாக நின்ற தம்பியை ஒரு பெண் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். எல்லோரும் எழுந்துபோய் அவனைச் சூழ்ந்துகொண்டு, கையைக் குலுக்கி, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரின் முதுகும் என் பக்கம் இருந்தது. மேனேஜர்கூட ஒருவரின் ஃபோனை வாங்கி அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குள் ஏறிய எரிச்சலைச் சொல்லி முடியாது. மீதிக் குழியை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. மறுமுனையில் பால் ஊற்றிய குழியில் கால் பட்டபோதுதான் வலித்தது.

என் அத்தை மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து குனிந்தார். ஊற்றிக்கொண்டே இருந்தவரின் கை நின்றது.

"என்னங்க மகன், கொப்பளிச்சிருக்கு."

வலது கால் அடியில் முட்டை அளவுக்கு எழும்பியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் வந்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே கேட்டார்.

"விரதத்துல ஏதும் குறை வச்சிட்டீங்களா?"

நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்று கோயிலில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் கொப்பளம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணன் மேல குத்தம் இல்ல, பெரியப்பா. நேத்துக் கண்டியில ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். தலைக்குத் தண்ணி ஊத்தாம வந்து காலையில அண்ணன தொட்டுட்டேன். எல்லாரும் பாத்தீங்கதானே."

தோளில் கைவைத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிறகு பேசாதவர்கள் இல்லை. தீட்டோடு கோயிலுக்குள் வந்தானே, வெள்ளைக்காரனோடு கூத்தடித்துப் புத்தி கெட்டுப்போச்சு, அம்மனை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டான் என்று நான் எத்தனையோ நாளாக அவனைப்பற்றிச் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர்கள் சொன்னார்கள். அம்மா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பூசாரி எனக்கு மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தார். தம்பி இனிமேல் கோயில் எல்லைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். அவன் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்த எல்லையைத் தாண்டி வெளியே போய் நின்றான். ஒன்றும் விளங்காத அந்த வெள்ளைக்காரப் பெண் அங்கேயும் போய் அவனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

பின்னேரம் கண்டி பஸ்ஸுக்குப் போகும் முன் அவன் எல்லையருகே வந்து என்னைக் கூப்பிட்டான். நான் காப்போடு இருந்ததால் வெளியே போக முடியாது, அவன் உள்ளே வர முடியாது. நான் நொண்டிக்கொண்டு போய்க் கல்லில் உட்கார்ந்தேன். தோரணத்துக்கு அந்தப்பக்கம் அவன் குந்திக்கொண்டு, ஒரு களிம்புக் குழாயைக் கீழால் உருட்டிவிட்டான். மண்டபத்தில் அவன் வைத்திருப்பது.

"நேத்து எந்தச் செத்த வீட்டுக்குப் போன?"

"ஒரு வீட்டுக்கும் போகல."

"அப்ப ஏன் கொப்பளிச்சிச்சு?"

"நடுக் குழியில நின்னுட்டீங்கண்ணே. திரும்பி எங்களப் பாத்தீங்க. நிக்கக் கூடாது. நின்னா யாரா இருந்தாலும் சுடும்."

அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றபோது, அந்தக் கூட்டத்துக்குள் இருந்து அவன் ஒருவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் நின்றேன் என்பது எனக்கே அவன் சொல்லித்தான் தெரிந்தது.

"அதுக்கு நீ ஏன் பழிய ஏத்துக்கிட்ட? இனிமே உன்னைய இங்க சேக்க மாட்டாங்களே."

அவன் எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டான். கீழே வளைவில் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்கு நெருப்பு இருக்குண்ணே. நாளாண்டைக்கும் இருக்கு. உங்களுக்கு வருஷத்துல இந்த ஒரு நாள்தானே."

அதை அவன் இளக்காரமாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவன் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னான்.